செத்தல் மிதந்த வெள்ளம்

எங்கள் ஊருக்கு அந்தக் காலத்தில் வெள்ளமே வந்ததில்லையாம். போன கிழமை விசுவமடுப் பக்கம் றோட்டெல்லாம் தண்ணீர் நின்ற படங்களைப் பார்த்துவிட்டு, பள்ளித் தோழர்களின் தொலைபேசிக் குழுவில் உங்களில் ஒருவர் அப்படி எழுதியிருந்தார். "எங்கட காலத்திலை சனம் மண்ணையும் மரத்தையும் மதிச்சது. அதாலைதான் வெள்ளம் வரேல்லை." கீழே வரிசையாக இதயங்கள், கும்பிடும் கைகள். பனி கொட்டும் நாடுகளில் சூடாக்கிய அறைகளுக்குள் இருந்துகொண்டு கும்பிடுகிறீர்கள். நல்லது. ஆனால் நீங்கள் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அந்த ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்தான்) பொறுக்கிவிட்டு, அதே கையால் கண்ணைக் கசக்கி, ஊர் முழுக்கக் கேட்க அழுதவர்கள். மறந்துவிட்டோம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். வரவேயில்லை என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அப்போது நாங்கள் நாலாம் வகுப்பு. ஊர் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. குடாநாட்டிலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள் காட்டை வெட்டி, கிணறு தோண்டி, மிளகாய் வைத்திருந்தார்கள். மரத்தை மதித்த கதை அவ்வளவுதான். எங்கள் அப்பன்மார் எரித்த பாலை மரமும் முதிரை மரமும் மாதக்கணக்கில் புகைந்துகொண்டு கிடந்தன. வருடத்தின் பெரும்பகுதி புழுதி. வெள்ளைச் சட்டையில் ஏறினால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத செம்புழுதி. ஊருக்கு நடுவே ஓர் ஓடை இருந்தது. அதில் தண்ணீர் ஓடி நான் கண்டதில்லை. மணல்தான் கிடந்தது. மாட்டு வண்டில்கள் அதற்குள்ளால் போய்வந்தன. நாங்கள் அதற்குள் கிளித்தட்டு மறித்தோம்.

என் பெரியப்பாவை உங்களுக்கு நினைவிருக்கும். ஐயாவின் தமையன். ஊரில் விளையும் செத்தல் மிளகாயை வாங்கி லொறியில் ஏற்றுபவர். கோயிலுக்குத் தலைவர், சங்கத்துக்குத் தலைவர், பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கும் தலைவர். நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் அதற்குத் தலைவர் அவர்தான். அவர் ஒரு மிளகாய்க் கன்றைக் குனிந்து தொட்டு நான் பார்த்ததில்லை. வேட்டியில் மண் படக்கூடாது. எங்கள் பெற்றோர் அவரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்குவார்கள். ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டிருந்தால் அவர்களுக்கும் சொல்லத் தெரிந்திராது.

ஓடையின் மேல்பக்கத்தில், காட்டு ஓரமாக, சில குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு, பெட்டியும் பிள்ளையுமாக வந்து சேர்ந்தவர்கள். எங்கள் ஆட்கள் வாய் கூசாமல் அவர்களைத் 'தோட்டக்காட்டார்' என்றார்கள். எங்கள் மிளகாயை ஆய்ந்ததும் காயவைத்ததும் சாக்கில் மிதித்து அடைத்ததும் அந்தத் தோட்டக்காட்டார்தான். அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே எங்கள் வீடும் இருந்தது. தம்பிக்கென்று பெரியப்பா பெருந்தன்மையாக ஒதுக்கித் தந்த துண்டு அது. நல்ல மேட்டுக்காணியெல்லாம் ஓடையின் கீழ்ப்பக்கத்தில் அவருடைய வளவுக்குள் போய்விட்டது.

அந்த வளவு அவருக்குப் போதவில்லை. ஓடை அரசாங்கத்தின் காணி. அதில் ஒரு துண்டை வளைத்துப் பிடித்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, ஓடைக்குக் குறுக்கே சீமெந்துக் கல்லால் மதில் எழுப்பினார். கிடுகு வேலியும் கதியாலும் மட்டுமே கண்ட ஊரில் அதுதான் முதல் மதில். ஆள் உயரத்துக்கும் மேலே. உச்சியில் உடைத்த போத்தல் ஓடுகள் பதித்தது. தோட்டக்காட்டாரின் ஆடும் கோழியும் உள்ளே வரக்கூடாதாம். வேலை நடந்தபோது ஐயா ஒரே ஒருமுறை வாய் திறந்தார்.

"அண்ணை, நடுவிலை அடியிலை ரெண்டு கண் விட்டால் மழைத்தண்ணி போயிடும்."

"எந்த மழை? நீ இஞ்சை மழை கண்டனியே? கண் விட்டால் கோழிதான் வரும்."

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பகிடி பண்ணுபவரோடு சேர்ந்து தானும் சிரிப்பது ஐயாவின் பழக்கம். அவர் பெரியப்பாவின் ஸ்ரோரில் மிளகாய் நிறுத்தார். ஆனால் உண்மையில் அவர் பார்த்த உத்தியோகம் தம்பி என்பதுதான். அதற்கு விடுமுறையும் இல்லை, ஓய்வும் இல்லை.

மதில் முடிந்ததும் ஊர் திரண்டு போய்ப் பார்த்தது. தடவிப் பார்த்தார்கள். எங்கள் தலைமை ஆசிரியர் கைத்தடியால் தட்டிப் பார்த்து, "கோட்டை மாதிரி" என்றார். படித்த மனிதர்.

பெரியம்மாவைப் பற்றி ஊர் அதிகம் பேசியதில்லை. பிள்ளையில்லாதவர் என்பதோடு அவருடைய கதை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். குசினிக்குள் இருப்பார், கேட்டால் பதில் சொல்வார். மதில் வருவதற்கு முன், அந்த இடத்தில் அலம்பல் வேலி இருந்த காலத்தில், பின்னேரங்களில் ஓடைப் பக்கம் வந்து நிற்பார். எங்களுக்குப் பக்கத்துக் குடிசையில் இருந்த தோட்டத்து அக்காவும் வந்து நிற்பா. புருசன் இல்லாதவ, இரண்டு சின்னப் பிள்ளைகள். இங்கிருந்து மரவள்ளிக் கிழங்கு போகும்; அங்கிருந்து மோர் வரும். இருவரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரியம்மா சத்தமாகச் சிரித்ததை நான் அந்த வேலியடியில்தான் கேட்டிருக்கிறேன். மதில் எழும்பிய பிறகு கொஞ்ச நாள் குரல்கள் மட்டும் மேலால் போய்வந்தன. பெரியப்பா அதையும் நிறுத்தினார்.

ஐப்பசியில் ஒருநாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோறு தின்றுவிட்டு, ஓடை மணலில் தோட்டத்து அக்காவின் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தேன். காட்டுப் பக்கம் வானம் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. இடி விடாமல் உருண்டது. எங்கள் தலைக்கு மேலே வெயில் அடித்தது. இடைக்கிடை ஒவ்வொரு துளி, புளியங்கொட்டை பருமனில், புழுதியில் குழி பறித்து விழுந்தது. செத்தல் நனைந்துவிடும் என்று பெரியப்பா ஊர் ஆம்பிளைகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டிருந்தார். எல்லோரும் மதிலுக்கு உள்ளே, ஸ்ரோரில் மூட்டை அடுக்கினார்கள். ஐயாவும்.

முதலில் மணம் வந்தது. ஊறிய சருகும் மாட்டுச் சாணமும் கலந்த மணம். பிறகுதான் தண்ணீரைக் கண்டோம். ஓடை வளைவில், நுரையும் குச்சியுமாக, ஒரு நாக்குப் போல நீண்டு வந்தது. மணல் குடிக்கக் குடிக்கத் தயங்கித் தயங்கி வந்தது. எறும்புகள் உருண்டையாகத் திரண்டு அதன் மேல் மிதந்தன. எங்களுக்குச் சந்தோசம். அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு, வா, வா என்று கூப்பிட்டோம். அது வந்தது. எங்களைத் தாண்டிப் போய் மதிலில் முட்டியது. போக வழியில்லாமல் திரும்பி எங்களிடமே வந்தது.

அதற்குப் பின்னால் வந்ததுதான் வெள்ளம். காடு முழுக்கப் பெய்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, பட்ட மரங்களை உருட்டிக்கொண்டு இரைந்து வந்தது. வீட்டுக்கு ஓடினேன். நான் படலையைத் திறக்கும்போது கணுக்காலில் நின்றது. அம்மா குசினிக்குள்ளிருந்து வருவதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. அம்மா றங்குப்பெட்டியைத் தூக்குவதா, கூறைச்சேலையை எடுப்பதா என்று சுற்றிச் சுற்றி நின்றா. சேலையில் கட்டித் தொங்கவிட்ட ஏணைக்குள் தம்பி கிடந்தான். தவழத் தொடங்கியிராத பிள்ளை.

தோட்டத்து அக்கா இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் ஒன்று தோளில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தா.

"யக்கா, சாமான விடுங்க! புள்ளைங்கள மரத்துல ஏத்துங்க!"

முற்றத்தில் ஒரு பழைய வேம்பு நின்றது. தன் பிள்ளைகளை ஏற்றினா, என்னை ஏற்றினா. பிறகு வீட்டுக்குள் போய் ஏணையைச் சேலையோடு அவிழ்த்து வந்து, அம்மா மரத்தடிக்கு இழுத்துவந்த மேசையில் ஏறி நின்று, தம்பியை உள்ளே வைத்தபடியே உறுதியான கொப்பு ஒன்றில் கட்டினா. வெள்ளத்துக்கு மேலே ஏணை ஆடியது. அவன் நித்திரை.

மதில் தண்ணீரைத் தேக்கத் தேக்க அது எங்கள் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. மேல்வரிசைக் குடிசைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, கூரை மட்டும் தண்ணீரில் உட்கார்ந்தது. சனம் காட்டுக் கரைக்கு ஓடியது. எங்களுக்கும் அந்தக் கரைக்கும் நடுவே வெள்ளம் இரைந்ததால் எங்கள் பக்கம் ஓட வழியில்லை. அம்மாவும் அக்காவும் மேசைமேல் நின்று மரத்தைக் கட்டிப் பிடித்தார்கள். அம்மாவின் மார்புவரை தண்ணீர். என்னுடைய றப்பர் செருப்பு ஒன்று தனியாக மிதந்து மதிலடிக்குப் போய், அங்கே முட்டி முட்டி நின்றது. புதுச் செருப்பு.

மரத்தில் இருந்ததால் எனக்கு மதிலின் இரண்டு பக்கமும் தெரிந்தது. இதை நான் யாரும் சொல்லிக் கேட்டு எழுதவில்லை. அங்கே உள்பக்கம் தரை காய்ந்து கிடந்தது. விறாந்தையில் பெரியப்பா குடையோடு நின்றார். ஆம்பிளைகள் மூட்டைகளைத் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா கத்தியது கேட்டு ஐயா ஓர் ஏணியை மதிலில் சாத்தி ஏறி, போத்தல் ஓடுகளுக்கு மேலால் எங்களைப் பார்த்தார். முகம் வெளிறிப் போனது.

"பயப்பிடாதேங்கோ! பொறுங்கோ, அண்ணையிட்டைக் கேட்டிட்டு வாறன்!"

இறங்கிப் போனார். நான் சொல்வதை நம்புங்கள்: இறங்கிப் போய், குடைக்கு முன்னால் நின்று, கேட்டார். பெரியப்பா கையை ஆட்டி ஏதோ சொன்னார். ஐயா திரும்பி வந்து ஏணியில் ஏறினார்.

"கொஞ்சத்திலை வடிஞ்சிடுமாம்! அண்ணை பொறுக்கட்டாம்!"

 அதற்குப் பிறகு அம்மா ஐயாவோடு எத்தனையோ வருடம் வாழ்ந்தா, சமைத்துப் போட்டா, அவர் சாக அழுதா. ஆனால் அந்த நேரம் ஏணியில் நின்ற முகத்தை அம்மா பார்த்த பார்வையை நான் மேலேயிருந்து கண்டேன்.

ஐயா மறுபடியும் இறங்கிப் போனார். இம்முறை மூட்டை தூக்கியவர்களில் சிலரும் கூடப் போனார்கள். பெரியப்பா விறாந்தையை விட்டு இறங்கவில்லை. அவர் போட்ட சத்தம் வேப்பமரம்வரை கேட்டது.

"மதிலிலை கை வைக்கிறவன் நாளைக்கு என்ரை படலைக்கு வரத் தேவையில்லை! உள்ளுக்கை இவ்வளவு செத்தல் கிடக்கு, கண் தெரியேல்லையே?"

எல்லோரும் நின்றார்கள். வளர்ந்த, கைகால் சுகமான, காடு வெட்டிய ஆம்பிளைகள். கையில் மண்வெட்டி வைத்திருந்தவனும் நின்றான். உங்களில் சிலருடைய அப்பாமாரும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். கோபிக்கவேண்டாம்; என்னுடையவர் முதல் ஆளாக நின்றார்.

குசினிக் கதவு திறந்தது. பெரியம்மா வந்தார். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தார். தோளில் அலவாங்கு. கதியாலுக்குக் குழி போடுகிற நீளமான இரும்பு அலவாங்கு. ஓடவில்லை. ஆட்களைப் பார்க்கவில்லை. நேராக மதிலடிக்குப் போய், ஓடையின் நடு எங்கே வரும் என்று நிதானமாகப் பார்த்து நின்று, அடிக்கல்லில் ஓங்கிக் குத்தினார்.

"இஞ்சை! உனக்கென்ன விசரே!" என்று பெரியப்பா கத்தினார்.

இன்னொரு குத்து. கல் விண்டது. தண்ணீர் கம்பியாகப் பீறி அவர் வயிற்றில் அடித்தது. இரண்டு அடி பின்னால் போய், திரும்பி வந்து, அதே இடத்தில் குத்தினார். நிறைந்து நிற்கும் தண்ணீருக்குக் கீழே நின்று அதற்கு வழி விடுகிறோம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அந்த இடத்தில் நின்றார். "அம்மா, தள்ளுங்க! தள்ளி நில்லுங்க!" என்று தோட்டத்து அக்கா மேசையிலிருந்து கத்தினா. அவவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. சத்தத்தை வைத்தே அது பெரியம்மா என்று கண்டுபிடித்துவிட்டா.

ஐயா பெரியம்மாவை நோக்கி ஓடினார். தடுக்கவா, உதவவா? சாகும்வரை அவர் சொல்லவில்லை. அவர் போய்ச் சேரவும் இல்லை. மதில் நடுவிலே வயிறு வைத்து, பிளந்து, அப்படியே உள்பக்கம் சரிந்தது. பெரியம்மா நின்ற இடத்தில் தண்ணீர்தான் நின்றது.

எங்கள் பக்கம் வெள்ளம் கண் முன்னாலேயே இறங்கியது. அம்மாவின் மார்பு, இடுப்பு, பிறகு மேசையின் கால்கள் தெரிந்தன. அங்கே அது விறாந்தையில் ஏறி, ஸ்ரோரின் கதவைத் தள்ளிக்கொண்டு புகுந்து, மறுபக்கத்தால் வெளியே வந்தபோது சிவப்பாக வந்தது. மூட்டை மூட்டையாகச் செத்தல். தண்ணீர் தெரியாத அளவுக்குச் செத்தல். ஓடை நீளத்துக்கும், வயல் வரப்புகளைத் தாண்டியும், சிவப்புப் பாய் விரித்ததுபோல் மிதந்து போயிற்று. காற்றே உறைத்தது. மரத்தில் இருந்த நாங்கள் மூன்று பேரும் தும்மினோம். தம்பி அப்போதுதான் எழும்பி அழுதான். நீங்கள் கடகப் பெட்டிகளோடு ஓடி வந்தது அதற்குப் பிறகு.

பெரியப்பா இடுப்பளவு தண்ணீரில் ஸ்ரோர் வாசலில் நின்று, இரண்டு கையாலும் ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்திருந்தார். மனைவி எங்கே என்று அவர் கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. பெரியம்மாவைத் தேடிப் போனது தோட்டத்து அக்கா. உடைந்த மதிலுக்குள்ளால், போத்தல் ஓட்டில் கால் கிழிய ஓடிப்போய், கிணற்றடிக் கமுகுகளுக்கு இடையில் செருகிக் கிடந்தவரை இழுத்து எடுத்தா. உயிர் இருந்தது. ஒரு கால் தொடையில் முறிந்திருந்தது.

முறிவு பார்க்கும் பரியாரியார் வந்து மருந்துப் புக்கை கட்டினார். பெரியம்மாவின் கால் பொருந்துவதற்கு முன்னமே மதில் பொருந்திவிட்டது. இம்முறை அடியில் வரிசையாகக் கண்கள் விட்டுக் கட்டினார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காற்றோட்டத்துக்கு என்றார் பெரியப்பா. மதில் எப்படி விழுந்தது என்று கேட்டவர்களுக்கு, தண்ணீர் தள்ளி விழுத்தியது என்றார். ஊர் தலையை ஆட்டியது. தண்ணிதான், தண்ணிதான். பார்த்துக்கொண்டு நின்ற ஆம்பிளைகளும் தண்ணிதான் என்றார்கள். அடுத்த நாள் வேலைக்குப் போகவேண்டுமே.

அப்படியானால் பெரியம்மாவை என்ன செய்வது? அவருக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று முடிவு செய்தார்கள். மந்திரிக்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். கட்டிலுக்கு முன்னால் சாம்பிராணி போட்டு, வேப்பிலையால் அடித்து, அவர் உறுக்கினார்.

"ஆரடி நீ? சொல்லு!"

பெரியம்மா களைத்துப் போய்ச் சொன்னார். "இவரின்ரை பெண்சாதி."

"எங்கையிருந்து வந்தனி?"

"குசினிக்குள்ளையிருந்து."

வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்தினார்கள், பயத்தில். பேய் எவ்வளவு துணிவாகப் பதில் சொல்கிறது என்றார்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னா. தன் பிள்ளை ஏணையோடு உயிர் தப்பியதற்குப் பிறகும், "பாவம் அக்கா, அண்டைக்கு அவாவிலை ஏதோ ஏறினதுதான்" என்றா. அந்தப் பிள்ளை இன்று வெளிநாட்டில் இரண்டு கடை வைத்திருக்கிறான். மதிலைத் தண்ணீர் தள்ளியது என்றுதான் அவனுக்கும் தெரியும்.

தோட்டத்து அக்கா ஒரு கோழியோடு பார்க்க வந்தா. மதில் அப்போது பாதிதான் எழும்பியிருந்தது; யாரையும் கேளாமல் இடைவெளிக்குள்ளால் வந்து, கட்டிலடியில் நிலத்தில் இருந்தா.

"ஏம்மா இப்புடிப் பண்ணீங்க? ஒங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"உன்ரை சத்தம் கேட்டுது" என்றார் பெரியம்மா.

அவ்வளவுதான் கதைத்தார்கள். பிறகு பெரியப்பா வந்தார். அக்கா எழும்பிப் போனா. கால் ஊன்றக்கூடிய அளவில் பெரியம்மாவை அவருடைய தமையன் வீட்டுக்கு, குடாநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுகமில்லாத ஆள் என்றார்கள். ஒரு கால் கட்டையாகிப்போனதால் லொறியில் ஏற இருவர் பிடிக்கவேண்டியிருந்தது.

பெரியப்பா நெடுநாள் இருந்தார். அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். போர் ஓய்ந்து குடாநாட்டுப் பாதை திறந்திருந்த காலத்தில் செத்தார். செத்த வீட்டுக்குப் பெரியம்மாவைக் கூட்டிவந்து தலைமாட்டில் இருத்தினார்கள். முற்றத்தில் பந்தல், ஒலிபெருக்கி. ஓய்வு பெற்றுத் தள்ளாடிக்கொண்டிருந்த எங்கள் தலைமை ஆசிரியர் அஞ்சலி உரை நிகழ்த்தினார். அன்னார் எவ்வளவு பெரிய கொடையாளி என்று சொல்லிக்கொண்டு வந்தவர், குரலை உயர்த்தினார்.

"ஏழை எளியவர்கள் வெள்ளத்தில் தத்தளித்த வேளையிலே, தன் சொத்து அழியுமே என்று எண்ணாமல், தன் மதிலைத் தன் கையாலேயே உடைத்துச் சனத்தைக் காத்த வள்ளல்!"

பந்தலில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். தண்ணிதான் என்று சொன்ன அதே ஆட்கள். நான் பக்கத்தில் நின்ற ஐயாவைப் பார்த்தேன். வயதாகிக் கூனிப்போயிருந்தார்.

"ஐயா, எழும்பிச் சொல்லுங்கோ. நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்தானே?"

"செத்த வீட்டிலை என்ன கதை, பிள்ளை" என்றார் ஐயா. "அண்ணை பாவம்."

நான் சொல்ல எழும்பினேன். ஒலிபெருக்கியைப் பிடுங்கவும் ஆயத்தமாகத்தான் இருந்தேன். பெரியம்மா தலைமாட்டில் இருந்தபடியே என் சேலையைப் பிடித்து இழுத்து, தன்னைக் குசினிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அழுது மயக்கம் வருகிறது என்று நினைத்துப் பெண்கள் வழிவிட்டார்கள். நொண்டி நொண்டி வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, பலகையில் இருந்தார். அவர் அழவில்லை. தோள் குலுங்கியது சிரிப்பில்.

"பெரியம்மா, உது பச்சைப் பொய். கேட்டுக்கொண்டு இருக்கச் சொல்லுறியளோ?"

"விடு பிள்ளை. இவ்வளவு காலம் உயிரோடை இருந்த மனிசன். அந்த ஆளைப் புகழ, என்ரை வேலையை விட்டால் வேறை ஒண்டும் அம்பிடேல்லை, பாத்தியே, அவைக்கு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தேத்தண்ணி ஒண்டு ஊத்து. சீனி கூடப் போடு."